சிறிய கார், பெரிய குடும்பம்



கார் என்பது ஆலை முதலாளிக்கும், தோல் மண்டி உரிமையாளருக்கும், புகழ்பெற்ற மருத்துவருக்கும் மட்டுமே உரியது என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று திண்டுக்கல்லில் பேகம்பூரின் குறுகலான தெருக்களிலும் ஒரு சிறிய கார் சுவரை ஒட்டி நிற்பதைக் காண்கிறோம். பள்ளி ஆசிரியர், பூட்டு வியாபாரி, ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி அனுப்பும் விவசாயி, வளைகுடாவில் உழைத்துப் பொருளீட்டும் இளைஞர் என எல்லோர் இல்லத்திற்கும் அது வந்துவிட்டது. வாங்குவதற்கு ஆயிரம் பேர் யோசனை சொல்கிறார்கள். வாங்கியபின் அதனோடு வாழ்வது எப்படி என்று சொல்வோர் மிகச் சிலரே. அதைப் பற்றியே இம்மாதம் உங்களோடு உரையாட விரும்புகிறேன்.

நடுத்தரக் குடும்பத்துக்கு வந்த கார்

பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் இந்தச் சிறிய கார் நம் நாட்டின் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பரவலாக அறிமுகமானது மாருதி 800 வாயிலாகத்தான். 1983 டிசம்பர் 14 அன்று அதன் முதல் காரின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி தில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் என்பவரிடம் வழங்கினார். அவர் விமான நிறுவன ஊழியர். அந்தக் காரை மாற்றாமல் 2010 இல் தாம் மறையும்வரை வைத்திருந்தார். ஒரு குடும்பத்தோடு ஒரு வாகனம் எத்தனை காலம் வாழக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அப்போது அதன் விலை ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டியிருந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின், ஏறத்தாழ 650 கிலோ எடை. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றுபோனது. அதற்குள் 1998 இல் சென்னையை அடுத்துள்ள ஆலையிலிருந்து சான்ட்ரோவும், 2000 இல் ஆல்ட்டோவும், 2005 இல் ஸ்விஃப்டும் என வரிசையாகப் பல சிறிய கார்கள் வந்துவிட்டன. பெயர்கள் மாறினும் அவற்றை வைத்திருப்போர் சொல்லும் நிறைகுறைகள் பெரிதும் மாறவில்லை.

நிறைகளை முதலில் சொல்லிவிடலாம். சந்து பொந்துகளில் நுழையும். சிறிய இடத்தில் திரும்பும். பெட்ரோல் செலவு குறைவு. உதிரிப் பாகம் வத்தலக்குண்டிலும் நத்தத்திலும்கூடக் கிடைக்கும். பழுது பார்ப்பவருக்கும் அதன் உள்ளும் புறமும் தெரியும். ஆனால் இந்த நிறைகளை நம்பி அதன் அளவை மறந்துவிடுகிறோமே, அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

அளவை மறக்கும் அன்பு

நம் குடும்பங்கள் பெரியவை; உறவு பெரிது. உத்தமபாளையத்தில் ஒரு திருமணம் என்றால், “நன்னியை விட்டுவிட்டா போவது? சின்னத்தா மகளையும் ஏற்றிக்கொள்” என்கிறோம். நால்வருக்கான இடத்தில் எழுவர் அமர்கிறோம். இது அன்பின் செயல் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆளுக்கு 65 கிலோ என வைத்தால் ஏழு பெரியவர்களின் எடை 455 கிலோ. 650 கிலோ எடையுள்ள கார் தன் எடையில் பத்தில் ஏழு பங்கைச் சுமக்கிறது! பிரேக்கை அழுத்தினால் நிற்கும் தூரம் கூடுகிறது. டயர் சூடேறுகிறது. பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடிமானம் குறைகிறது. ஓட்டுபவர் திறமையானவர் என்பதனால் இவற்றில் ஒன்றும் மாறப்போவதில்லை.

இன்னொரு வழக்கம் இதனினும் கொடியது. பின் இருக்கைக்கும் பின்கதவுக்கும் இடையே உள்ள, சாமான் வைக்கும் இடத்தில் பிள்ளைகளை உட்காரவைப்பது! அவர்களுக்கு அது விளையாட்டாக இருக்கலாம். பின்னால் ஒரு லாரி மோதினால், முதலில் நசுங்கும் இடம் அதுதான். குழந்தைக்கும் லாரிக்கும் இடையே இருப்பது ஒரு தகடும் கண்ணாடியும் மட்டுமே. அங்கே பிரியாணிச் சட்டியை வையுங்கள். அதையும் கயிற்றால் கட்டி வையுங்கள். பிள்ளையை ஒருபோதும் வைக்காதீர்கள்.

மடியில் வைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்று தாய்மார்கள் எண்ணுவதும் இயல்பே. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றுவிடுமானால், பத்துக் கிலோ குழந்தை நூறு கிலோவுக்கும் மேலான பாரமாகத் தாயின் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். எந்தத் தாயின் கரமும் அதைத் தாங்காது. எனவேதான் 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கைப் பட்டையோ குழந்தைகளுக்கான தனி இருக்கையோ இன்றிப் பயணம் செய்தால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. அபராதத்துக்கு அஞ்ச வேண்டாம், காரணத்துக்கு அஞ்சுவோம்.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்பனையான ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. காற்றுப்பை இல்லாத அந்த ஐந்துக்கும் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிட்டவில்லை. அவற்றுள் ஒன்றான போலோ, இரண்டு காற்றுப்பைகளோடு சோதிக்கப்பட்டபோது நான்கு நட்சத்திரங்கள் பெற்றது. அதன் பின்னரே நம் நாட்டில் விதிகள் இறுகின. 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கும், 2021 முடிவிலிருந்து அவர் அருகில் அமர்பவருக்கும் காற்றுப்பை கட்டாயமானது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்னும் நம் நாட்டுச் சோதனையும் நடைமுறைக்கு வந்தது. வண்ணத்தையும் பாட்டுப் பெட்டியையும் பார்த்து வாங்கும் நாம், நட்சத்திரத்தையும் கேட்டு வாங்கக் கூடாதா?

வெயிலும் உப்புத் தண்ணீரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் நமது சமவெளி வெப்பம் மிகுந்தது. ஆழ்குழாய்த் தண்ணீரோ பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் உடையது. அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், வீட்டுப் பாத்திரத்தில் படிவதுபோல் உள்ளே வெண்படிவம் படியும். சித்திரை வெயிலில் வேடசந்தூர் சாலையில் எஞ்சின் கொதித்து நிற்பதற்கு இதுவே பலமுறை காரணமாகிறது. உற்பத்தியாளர் குறித்த குளிர்விப்புத் திரவத்தையே பயன்படுத்துங்கள். கலக்க நேர்ந்தால் பேட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த தண்ணீரைக் கலவுங்கள். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை உடனே திறக்காதீர்கள், முகம் வெந்துபோகும்.

டயரின் காற்றைக் காலையில், கார் ஓடுவதற்கு முன்பே சோதியுங்கள். எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும். அதிகம் ஓடாத காரின் டயர் பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும். ஆனால் ஐந்தாறு ஆண்டுகளில் ரப்பர் முதுமையடைந்து பக்கவாட்டில் வெடிப்பு விடும். அத்தகைய டயரோடு நான்குவழிச் சாலையில் விரைவது தகாது.

மூடிய கார் வெயிலில் நின்றால் பத்து நிமிடங்களிலேயே உள்ளே வெப்பம் பத்து டிகிரி அளவுக்கு ஏறிவிடும். “இதோ வந்துவிடுகிறேன்” என்று கடைக்குள் போகும்போது பிள்ளையைக் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். வீட்டில் நிற்கும் காரையும் பூட்டியே வையுங்கள்.

பழைய கார் வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் படிப்படியாக நாடெங்கும் வந்துவிட்டது. அதற்கு முற்பட்ட வாகனங்களில் ரப்பர்க் குழாய்களும் அடைப்பு வளையங்களும் விரைவில் இற்றுப்போகக்கூடும். பெட்ரோல் வாடை வீசினால் தாமதியாமல் குழாய்களை மாற்றிவிடுங்கள்.

மலையேறுமுன்

கோடையில் கொடைக்கானல், ஒரு வெள்ளி மாலையில் சிறுமலை என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். சிறுமலைக்குப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். கொடைக்கானலோ கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேலான உயரம். சிறிய எஞ்சின் இவற்றை ஏறும். ஆனால் அவசரப்படுத்தினால் ஏறாது. குளிர்சாதனத்தை நிறுத்துங்கள். வேகம் குறையுமுன்பே கியரைக் குறையுங்கள். ஏறுபவருக்கு வழிவிடுவது மலைப்பாதையின் மரபு.

இறக்கமே உண்மையான சோதனை. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பார்கள் அனுபவசாலிகள். பெட்ரோல் மிச்சமாகும் என்று எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டி வருவோர் உண்டு. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசையும் சற்று நேரத்தில் நின்றுபோகும், மிதி கல்லாகிவிடும். மேலும், இக்காலத்து எஞ்சின் கியரில் இறங்கும்போது பெட்ரோலைத் தானே நிறுத்திக்கொள்கிறது. நியூட்ரலில்தான் அது பெட்ரோல் குடிக்கிறது. ஆக அந்தச் சிக்கனம் உயிரைப் பணயம் வைத்தும் கிட்டாத சிக்கனம்! கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை வந்துள்ளதால், நடப்பு விதியையும் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கார் வாங்குவோருக்கு

வட்டிக்குக் கடன் வாங்கக் கூடாது என்று உறுதியாயிருப்போர், கையிலுள்ள பணத்துக்கேற்பப் பழைய கார் வாங்குகின்றனர். போற்றத்தக்க முடிவு. ஆனால் ஆவணங்களில் அலட்சியம் வேண்டாம். பதிவு பதினைந்து ஆண்டுகளுக்கு உரியது. பின்னர் தகுதிச் சோதனை செய்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முந்தையவர் கடனில் வாங்கியிருந்தால் அந்தக் குறிப்பு நீக்கப்பட்டதா என்று பாருங்கள்.

விற்பவருக்கும் ஒரு சொல். “தெரிந்தவர்தானே, பெயரைப் பிறகு மாற்றிக்கொள்வார்” என்று விட்டுவிடாதீர்கள். விற்ற பதினான்கு நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாறாத கார் விபத்தில் சிக்கினால், பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. நம்மை விட்டுப் போன காருக்காக நம் வீட்டை விற்க நேரலாம்.

சாவி யாரிடம்?

வளைகுடாவில் இருக்கும் மகன் அனுப்பிய பணத்தில் கார் வாங்குகிறார்கள். அவர் விடுப்பில் வரும் நாற்பது நாளும் அது ஓடுகிறது. பிறகு உறை போர்த்தி நிற்கிறது. பேட்டரி இறங்குகிறது, எலி கம்பியைக் கடிக்கிறது. ஒரு நள்ளிரவில் அத்தாவுக்கு நெஞ்சு வலிக்கும்போது, வாசலில் கார் நிற்க, ஆட்டோவுக்கு ஆள் அனுப்புகிறோம். இது முறைதானா?

சவூதி அரேபியாவிலேயே 2018 ஜூன் 24 முதல் பெண்கள் கார் ஓட்டுகிறார்கள். நம் நாட்டிலோ அதற்குத் தடை என்றுமே இருந்ததில்லை, தயக்கமே தடை. சிறிய கார், கற்றுக்கொள்வோருக்கு மிக இணக்கமானது. மருமகளையோ மகளையோ முறையான பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பி உரிமம் பெறச் செய்யுங்கள். வாரம் இருமுறை அரை மணி நேரம் ஓட்டினாலே காரும் பழுதின்றி இருக்கும், அவர்களது கையும் பழகும். பிள்ளைகளின் பள்ளியும், பெரியவர்களின் மருத்துவமனையும் யாரையும் எதிர்பாராமல் எட்டும் தூரத்தில் வந்துவிடும்.

வாசகர்களே! சிறிய கார் நம்மிடம் அதிகம் கேட்பதில்லை. நல்ல தண்ணீர், சரியான காற்று, உரிய ஆவணம், தாங்கக்கூடிய சுமை, இவ்வளவே. அடுத்த திருமணத்துக்குப் புறப்படும்போது ஏழு பேரானால், மூவர் பேருந்தில் வரட்டும். அல்லது வேன் ஒன்றை அமர்த்திக்கொள்ளுங்கள். அரை மணி பிந்திச் சேர்ந்தாலும் பந்தி காத்திருக்கும். எல்லோரும் போய்ச் சேர்வதும், எல்லோரும் வீடு திரும்புவதுமே பெரிது.