நாவலுக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியுமா?

நாவலுக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. அதை எழுதியவருக்குக் கொடுக்கலாம், வாசிப்பவருக்கும் கொடுக்கலாம். நூலுக்கு அது பொருந்தாது. இந்த எளிய உண்மையை நம்மவர் மறந்துவிட்டனர் என்பதற்கு, கிறித்தவப் புனைகதை எழுத்தாளர்களுக்கென்று அண்மையில் நடந்த விருது விழா ஒன்றே சான்று.

அழைப்பின் பேரில் நானும் சென்றிருந்தேன். ஜெபம், பாடல், பொன்னாடை, கேடயம் எல்லாம் முறைப்படி நடந்தேறின. பாராட்டிப் பேசியவர்களுள் ஒருவரேனும் பரிசு பெற்ற நூல்களின் மொழியைப் பற்றியோ பாத்திரப் படைப்பைப் பற்றியோ வாய் திறக்கவில்லை. வாசிப்பவர் மனந்திரும்புவர் என்பதே ஒவ்வொரு நூலுக்கும் சொல்லப்பட்ட தகுதி. துண்டுப் பிரசுரத்துக்கு அத்தகுதி போதும். நாவலுக்குப் போதாது.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் இலக்கிய வரலாற்றை அளந்து பாருங்கள். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. எழுதிய வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். ஆயினும் மதப் பிரசாரம் அந்நூலின் நோக்கமன்று. எனவே அவருக்கு ஆறுதல் பரிசும் கிட்டாது. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) குமரி மாவட்டக் கிறித்தவக் குடும்பமொன்றின் வீழ்ச்சியையும், பனையேறியின் மகனை விரும்பிய லிஸியின் மன உறுதியையும் சொல்கிறது. அதில் பிரசங்கம் இல்லை. பாமாவின் 'கருக்கு' (1992) கன்னியர் மடத்துக்குள்ளும் சாதி குடியிருப்பதைக் காட்டியது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) சேரிக்குத் துணி வெளுக்கும் கிறித்தவக் குடும்பத்தின் துயரம். இவற்றுள் எதை அந்த மேடை ஏற்கும்?

இது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. கிரஹாம் கிரீன் 1940இல் படைத்த மெக்சிகோப் பாதிரியார் குடிகாரர், ஒரு குழந்தைக்குத் தகப்பன். அந்நாவலை வத்திக்கான் 1953இல் கண்டித்தது. ஷுசாகு எண்டோவின் 'மௌனம்' (1966) நாவலில் பாதிரியார் கிறிஸ்துவின் உருவத்தையே மிதிக்கிறார். விசுவாசத்தைப் பற்றி இவ்விரு நாவல்களும் எழுப்பிய கேள்விகளை எந்தப் பிரசங்கமும் எழுப்பவில்லை. ஐயத்துக்கு இடமளிக்காத விசுவாசத்தை வைத்துக்கொண்டு கீர்த்தனை எழுதலாம், கதை எழுத முடியாது.

நண்பர்கள் ஒரு மறுப்புக் கூறுவர்: "பொதுமேடைகள் நம்மைப் புறக்கணிக்கின்றன, நமக்கென்று ஒரு மேடை வேண்டாமா?" இதில் நியாயம் உண்டு. வகுப்பறையில் இருபது ஆண்டுகளாக நான் காண்பதுதான். பாடநூல்களில் 'கிறித்தவர் வளர்த்த தமிழ்' என்று ஓர் இயலை ஒதுக்கி, வீரமாமுனிவர் முதல் கிருஷ்ண பிள்ளை வரை அனைவரையும் அதற்குள் அடைத்துவிடுகின்றனர். தேம்பாவணியைக் காப்பிய மரபில் வைத்து வாசிக்கும் மாணவர் மிகச் சிலர். ஆனால் பிறர் எழுப்பிய அந்த வேலிக்கு நாமே முள் கட்டுவது எவ்வகை மருந்து? ஜோ டி குரூஸின் 'கொற்கை'க்கு 2013இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பரதவர் வாழ்வை அவர் எழுதியது சபைக்காக அன்று.

இதில் இழப்பு யாருக்கு? இன்று எழுதத் தொடங்கும் இளைஞருக்கு. தம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி இருப்பதை அவர் அறிவார். சபைத் தேர்தலில் பணம் புரள்வதையும் அறிவார். இவற்றை எழுதினால் கேடயம் இல்லை, குடிகாரன் திருந்திய கதையை எழுதினால் உண்டு என்று அவருக்கு நாம் கற்பிக்கிறோம். பொய் சொல்லாதே என்பதும் பத்துக் கட்டளைகளுள் ஒன்றல்லவா?

விருது கொடுப்பதை நிறுத்துமாறு நான் கோரவில்லை. கிறித்தவ வாழ்வை உண்மையாக எழுதிய நாவல் எதுவாயினும், எழுதியவர் எம்மதத்தவராயினும், பரிசுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நடுவர் குழுவில் போதகர்களோடு நாவல் வாசிக்கத் தெரிந்த இருவரையாவது அமர்த்துங்கள். சபையைச் சங்கடப்படுத்தும் ஒரு நூலுக்கு ஓராண்டாவது பரிசளியுங்கள். அதுவரை அதனை நன்னடத்தை விருது என்று அழைப்பதே நேர்மை.