சிமெண்டுத் தரையில் நாயைக் கட்டுகிறவர்களுக்கு

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டியில் அக்கா மகன் கட்டிய புது வீட்டுக்குப் போயிருந்தேன். காலை ஆறரை மணி. புல்லெல்லாம் உப்பைக் கொட்டினது போல உறைபனி. கார் மேல் உறை போட்டிருந்தது. ரோஜாத் தொட்டிகளைக் காய்ந்த செடிகளால் மூடியிருந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் மூன்றடிச் சங்கிலியில் ஒரு சிப்பிப்பாறை நாய், வெறும் சிமெண்டுத் தரையில். கீழே கிடந்த சாக்கைத் தொட்டுப் பார்த்தேன். ஈரத்தில் விறைத்துப் பலகை மாதிரி இருந்தது.

"நாய்தானே மாமா, அதுக்குத்தான் ரோமம் இருக்கே" என்றான்.

இவன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். அறிவியலில் 92 மார்க். வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீசல் மூன்றையும் படம் வரைந்து விளக்கியவன். அந்த மூன்று வழியிலும் நாயின் சூடு போய்க்கொண்டிருக்கிறது, இவன் ரோமத்தைக் காட்டுகிறான். சிப்பிப்பாறை என்ன பனிமலை நாயா? விருதுநகர்ப் பக்கத்து வெயிலில் முயல் துரத்திய இனம். தோலோடு ஒட்டிய முடி, உடம்பில் கொழுப்பே கிடையாது. கௌரவத்துக்கு வாங்கி மலைக்குக் கொண்டுவந்துவிட்டு, பழகிக்கொள் என்றால் எப்படி?

நானும் யோக்கியன் இல்லை. மலைக்கு மாற்றலாகி வந்த முதல் வருடம் மணி என்று ஒரு நாய் வளர்த்தேன். என் பழைய ஸ்வெட்டரை விரித்து வாசலில் படுக்க வைத்தேன். பனியில் அது நனைந்து, உள்ள சூட்டையும் உறிஞ்சியது. ஒரு விடியற்காலை மணியின் நடுக்கம் நின்றிருந்தது. சரி, குளிர் விட்டுவிட்டது என்று நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனேன். உடம்புச் சூடு அளவுக்கு மீறி இறங்கினாலும் நடுக்கம் நிற்கும் என்று கால்நடை மருத்துவர் சொன்னபோது மணி இல்லை.

காவலுக்கு வெளியில் இருக்க வேண்டுமாம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், சங்கிலியில் கட்டின நாய் யாருக்குக் காவல்? சிறுத்தைக்கு இலை போட்டு வைத்தது போலத்தான். வீட்டுக்குள் படுத்தாலும் நாய்க்குக் காது கேட்கும். அடுப்படி மூலையோ, கதவு போட்ட வராந்தாவோ போதும்.

உள்ளே விடவே மாட்டேன் என்கிற பிடிவாதக்காரர்களுக்கு: கதவோடு கூடிய மரக்கூண்டு செய்யுங்கள். பெரிதாக வேண்டாம். நாய் எழுந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் படுக்கிற அளவு இருந்தால் அதன் உடம்புச் சூடே கூண்டை நிரப்பும். பங்களா மாதிரி கட்டினால் காற்றைத்தான் சூடாக்க வேண்டும். செங்கல் வைத்துத் தரையிலிருந்து நாலு அங்குலம் தூக்குங்கள். வாசல் வாடைக்காற்றைப் பார்க்கக் கூடாது. உள்ளே துணி, கம்பளி, சாக்கு எதுவும் வேண்டாம், வைக்கோல். வைக்கோலுக்கு இடையில் நிற்கிற காற்றுதான் போர்வை (இதையும் நடத்தினேன்!). ஈரமானால் உடனே மாற்றுங்கள். கரி அடுப்பை உள்ளே வைத்துவிடாதீர்கள், அந்தப் புகை ஆளையே கொல்லும். ராத்திரி ஒரு பிடி சோறு கூடுதலாகப் போடுங்கள். குளிரில் உடம்பு அதைத்தான் எரிக்கிறது. காலையில் தண்ணீர்ச் சட்டியில் பனிக்கட்டி இருந்தால் கொட்டிவிட்டு வெதுவெதுப்பாக ஊற்றுங்கள்.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, வளர்க்கும் பிராணிக்குப் போதிய தங்குமிடம் தராததும், குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! ஒரு பன் பட்டர் ஜாமுக்குக்கூட ஆகாது. அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை.

அக்கா மகன் இதைப் படித்ததும் போன் செய்து கத்துவான். கத்தட்டும். என் வீட்டில் நாலு கட்டு வைக்கோல் இருக்கிறது, ஊட்டியில் இருப்பவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பதிவுக்கு லைக் போட வேண்டாம். இன்று ராத்திரி உங்கள் நாய் படுக்கிற இடத்தைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். நான் மார்க் போடுகிறேன்.