300 ரூபாய் ஸ்ப்ரே கேனா, 18,000 ரூபாய் இஎம்ஐயா? வாடகை வீட்டு அலங்காரத்துக்கு ஒரு கணக்கு

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் பக்கமெல்லாம் வீடு மாறுற சீசன் ஆரம்பிச்சிடும். மெப்ஸ்ல வேலை, ஓஎம்ஆர்ல வேலைன்னு முதல்முறையா தனியா வீடு எடுக்குறவங்க நிறைய பேர். அவங்க புது வீட்டுக்குப் போன முதல் மாசம் என்ன நடக்குதுன்னு எனக்கு ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போது பேங்க் ஸ்டேட்மெண்ட்லயே தெரிஞ்சிடும். அட்வான்ஸ் பணம் போன பத்தே நாள்ல வரிசையா ஆன்லைன் ஆர்டர். ஹேங்கிங் லைட், வால் லைட், கண்ணாடி, போட்டோ ஃபிரேம். எல்லாம் "நோ காஸ்ட் இஎம்ஐ".

வீட்டை அழகா வச்சுக்கணும்னு நினைக்கிறது தப்பே இல்ல. நாள் முழுக்க மானிட்டரைப் பார்த்துட்டு வர்றவங்களுக்கு வீட்டுல நல்ல வெளிச்சம், கண்ணுக்கு இதமா நாலு பொருள் வேணும். ஆனா வாடகை வீட்டுல, வேலைக்குச் சேர்ந்த முதல் ரெண்டு மூணு வருஷத்துல, அதுக்குக் கடன் வாங்கத் தேவையில்லைங்கிறது என் கருத்து. பழைய பொருளை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சாலே முக்கால்வாசி வேலை முடிஞ்சிடும். அதே நேரம், எல்லாத்துக்கும் ஸ்ப்ரே அடிச்சா பணம் மிச்சம்னு சொல்ற வீடியோக்களோடயும் எனக்கு உடன்பாடு இல்ல. சில பொருளுக்கு அது வெட்டிச் செலவு, சிலதுக்கு ஆபத்து, சிலது உங்க பொருளே கிடையாது.

முதல்ல கணக்கு. வால் லைட் மூணு, ஒண்ணு 1,400 வீதம் 4,200. சாப்பாட்டு டேபிளுக்கு மேல தொங்குற லைட் 3,500. ஃபிரேம் போட்ட கண்ணாடி 4,800. போட்டோ ஃபிரேம் செட் 2,500. சைடு டேபிள் ஒண்ணு 3,000. மொத்தம் 18,000. ஆறு மாச நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் 3,000. 'வட்டியே இல்லையே சார்'ம்பீங்க. வட்டி இருக்கு. அதைக் கடைக்காரர் தள்ளுபடியாக் காட்டுறார், பேங்க் வட்டியா எடுத்துக்குது. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டியைக் கட்டுறது நீங்க. வருஷத்துக்கு 15 சதவீத வட்டின்னு வச்சா ஆறு மாசத்துல வட்டி சுமார் 760 ரூபாய், அதுக்கு ஜிஎஸ்டி 137. பிராசஸிங் ஃபீஸ் 199ன்னு வச்சுக்கோங்க, அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்தா 235. ஆக 370 ரூபாய் கிட்ட கூடுதலா போகுது. பெரிய தொகை இல்லதான். எனக்கு உறுத்துறது அந்த மாசம் 3,000. புது வேலை, ப்ரொபேஷன் பீரியட், கையில எமர்ஜென்சி ஃபண்ட் சைபர். அந்த நிலைமையில ஆறு மாசத்துக்கு ஒரு கட்டாயச் செலவை ஏன் தலையில ஏத்திக்கணும்?

அடுத்தது ஸ்ப்ரே பெயிண்ட் கணக்கு. அம்மா வீட்டுப் பரண்ல கிடக்குற பழைய வால் லைட் மூணு, ஓரம் கறுத்த ஒரு கண்ணாடி ஃபிரேம், துருப்பிடிச்ச இரும்பு ஸ்டூல் ஒண்ணு. இதெல்லாம் கிட்டத்தட்ட எல்லார் வீட்டுலயும் இருக்கும். 400 மில்லி கேன் 300 ரூபாய்னு எடுத்துக்கிட்டா ப்ரைமர் ஒண்ணு, கலர் மூணு, ஆக 1,200. உப்புத்தாள், மாஸ்கிங் டேப் 150. புது ஹோல்டர், ஒயர் 250. எல்இடி பல்பு நாலு, 400. தொங்கவிட ஒரு பழைய ஷேடு 400. மொத்தம் 2,400. வித்தியாசம் 15,600 ரூபாய். இதை 12 சதவீதத்துல 25 வருஷம் போட்டா எத்தனை லட்சம் ஆகும்னு நான் சொல்லப் போறதில்ல, அந்த மாதிரி வீடியோ போட ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. நம்ம ஏரியால பலருக்கு இது ஒரு மாச வாடகை. சம்பளம் நின்னுட்டா கூடுதலா ஒரு மாசம் தாக்குப்பிடிக்கலாம்.

அந்தப் பழைய ஷேடுக்கு எங்க போறது? பக்கத்துலயே பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை இருக்கு. தாம்பரத்துலேர்ந்து மூணாவது ஸ்டேஷன். ஓல்டு ட்ரங்க் ரோடுல செடி, கருவாடுல இருந்து பழைய கம்ப்யூட்டர் வரைக்கும் பரப்பி வச்சிருப்பாங்க. அதுக்கு நடுவுல பழைய வால் லைட், கண்ணாடி ஷேடு, இரும்பு ஸ்டாண்டு, மர ஃபிரேம்னு நமக்குத் தேவையான அயிட்டமும் கிடைக்கும். வெள்ளிக்கிழமைங்கிறதுதான் சிக்கல். காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போய் முடிச்சுட்டு ஆபீஸ் போயிடுங்க, இதுக்காக ஒரு லீவைக் கழிச்சா கணக்கு அங்கேயே அடிபட்டுடும். வாங்கும்போது உருவத்தை மட்டும் பாருங்க. பெயிண்ட் உரிஞ்சிருந்தா பரவாயில்ல, லேசான துரு பரவாயில்ல. தகடு ஓட்டை விழுந்திருந்தா, மரை தேய்ஞ்சிருந்தா விட்டுடுங்க. உள்ள இருக்கிற ஒயரும் ஹோல்டரும் எவ்வளவு நல்லா தெரிஞ்சாலும் கழட்டிப் போட்டுட்டு புதுசு மாத்துங்க. 250 ரூபாயை மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்ல.

எதுக்கு அடிக்கக் கூடாதுன்னு இப்போ பார்ப்போம்.

வாடகை வீட்டுல ஏற்கனவே மாட்டியிருக்கிற லைட்டும் ஃபேனும் ஓனர் சொத்து. 'கறுப்பு அடிச்சா சூப்பரா இருக்கும்'னு நீங்க நினைக்கலாம், காலி பண்ணும்போது அவர் அட்வான்ஸ்ல கழிச்சார்னா என்ன செய்வீங்க? வாடகை 15,000, சென்னைப் பழக்கப்படி பத்து மாச அட்வான்ஸ்னா 1,50,000 ரூபாய் அவர் கையில இருக்கு. 6.5 சதவீத எஃப்டில போட்டிருந்தா வருஷம் 9,750 ரூபாய் உங்களுக்கு வந்திருக்கும், அதையும் விட்டுக் கொடுத்துட்டுதான் உட்கார்ந்திருக்கீங்க. தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்த 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம், ஒப்பந்தத்துல வேற மாதிரி ஒத்துக்கிட்டா தவிர, மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னு சொல்லுது. அந்த 'தவிர' வழியாத்தான் பத்து மாசமும் உள்ள வருது. வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழிச்சுட்டு, காலி பண்ண ஒரு மாசத்துக்குள்ள மீதியைத் திருப்பித் தரணும்னும் இருக்கு. 'கழிச்சுட்டு'ங்கிற வார்த்தைக்கு நீங்களே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுக்காதீங்க.

எந்த ரிப்பேர் யாரோட செலவுங்கிற பட்டியலும் அதே சட்டத்துல இருக்கு. சுவருக்கு வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், எலெக்ட்ரிக்கல் ஒயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட் ரிப்பேர், கதவு கைப்பிடி, பூட்டு மாத்துறது எல்லாம் நம்ம பொறுப்பு. அதனால ஜன்னல் கிரில் துருப்பிடிச்சிருந்தா நீங்க கேன் வாங்கி அடிக்கிறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட கேளுங்க. "நீங்களே அடிச்சுக்கோங்க, வாடகையில கழிச்சுக்கலாம்"னு சொன்னார்னா அதை வாட்ஸ்அப்ல ஒரு வரி எழுதி வாங்கிடுங்க. குடி போற அன்னிக்கே ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பி வச்சிடுங்க. கண்டிப்பா மாத்தணும்னா அவரோட லைட்டைக் கழட்டி பத்திரமா பரண்ல வச்சுட்டு உங்களோடதை மாட்டுங்க, போகும்போது பழையபடி மாட்டிட்டுப் போயிடலாம்.

ரெண்டாவது, பழைய சோக் வச்ச டியூப்லைட் பட்டி. அதுக்குப் பெயிண்ட் அடிச்சு என்ன பிரயோஜனம்? பழைய ட்யூபும் சோக்கும் சேர்ந்து 50 வாட் கிட்ட இழுக்கும். 20 வாட் எல்இடி போதும். 30 வாட் மிச்சம், தினம் அஞ்சு மணி நேரம் எரிஞ்சா வருஷத்துக்கு 55 யூனிட். ஓனர் சப்-மீட்டர் வச்சு யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குறார்னா 440 ரூபாய். புது எல்இடி பட்டி ஒரு வருஷத்துக்குள்ள தன் காசைத் திருப்பிக் கொடுத்துடும். எல்இடி ஃபிட்டிங்கோட பின்பக்கம் அலுமினியம் துடுப்பு மாதிரி இருந்தா அங்கயும் பெயிண்ட் அடிக்காதீங்க, சூடு வெளியேறுற வழி அதுதான்.

மூணாவது, பித்தளை. பாட்டி வீட்டுக் குத்துவிளக்கு, தூக்கு விளக்குக்கு மேட் பிளாக் அடிச்சு 'மாடர்ன் லுக்'னு போடுறதைப் பார்க்கும்போது வயிறு எரியுது. பித்தளைக்கு எடைக்கு எடை விலை உண்டு, பழைய வேலைப்பாடா இருந்தா அதுக்கு மேலயும் உண்டு. புளி போட்டுத் தேய்ங்க, இல்ல பீதாம்பரி வாங்குங்க. திரி எரியிற விளக்குல பெயிண்ட் கருகி நாறும்ங்கிறது தனிக்கதை.

நாலாவது, பெரிய சாமான். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 வெள்ளத்துல நின்ன ஸ்டீல் பீரோ இன்னமும் அடியில துருவோட பல வீட்டுல நிக்குது. ஆறரை அடி உயரம், மூணடி அகலம், ஒன்றரை அடி ஆழம்னா முன்பக்கமும் ரெண்டு பக்கவாட்டும் சேர்ந்து 39 சதுர அடி. ரெண்டு கோட்டுக்கு ஒரு கேன் சுமார் பத்து சதுர அடிதான் தாங்கும். நாலு கேன், ப்ரைமர் ரெண்டு மூணு, ஆக ரெண்டாயிரம் கிட்ட. அதுக்கு உப்புத்தாள், ரெட் ஆக்சைடு, ஒரு லிட்டர் எனாமல், ஒரு ரோலர்னு போனா பாதிச் செலவுல முடியும். பத்து சதுர அடிக்கு மேல போனா கேன் வாங்காதீங்க, அவ்வளவுதான் ரூல்.

சரி, அடிக்கிற விதம். மெயினை ஆஃப் பண்ணிட்டு லைட்டைக் கழட்டி கீழ இறக்குங்க, சுவத்துல இருக்கும்போதே அடிக்கிற வேலை வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை சோப்புத் தண்ணியில கழுவி நல்லா காய வச்சு, 220 நம்பர் உப்புத்தாள்ல தேய்ங்க. பளபளப்பு போனாத்தான் பெயிண்ட் பிடிக்கும். ஹோல்டரை எடுத்துடுங்க. எர்த் ஒயர் மாட்டுற ஸ்க்ரூவையும் அதைச் சுத்தியிருக்கிற இடத்தையும் டேப் போட்டு மறைச்சிடுங்க. பெயிண்ட் கரண்ட்டைக் கடத்தாது, எர்த் பாயிண்ட்ல அது ஏறிட்டா இரும்பு ஃபிட்டிங்குக்கு எர்த் இருந்தும் இல்லாத மாதிரிதான். பல வீடியோல இந்த ஒரு விஷயத்தைச் சொல்றதே இல்ல. அப்புறம் ஷேடோட உள்பக்கம் வெள்ளையாவே இருக்கட்டும். உள்ளயும் கறுப்படிச்சா வெளிச்சம் குறையும், கூட வாட் பல்பு வாங்குவீங்க.

கேனை ரெண்டு நிமிஷம் குலுக்கி, ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவான தூரத்துல இருந்து மெல்லிசா மூணு கோட். ஒரே தடவையில மூடணும்னு நினைச்சா வழிஞ்சிடும். கோட்டுக்கு நடுவுல கேன்ல போட்டிருக்கிற நேரம் விடுங்க. நம்ம ஊர்ல அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மழைக்காத்துல ஈரம் அதிகம், அப்போ அடிச்சா மேல பால் படிஞ்ச மாதிரி வெளுத்துடும். பிப்ரவரி, மார்ச் காலை நேரம் நல்லது. தெர்மோகோல்ல அடிச்சா கரைஞ்சே போயிடும். பிளாஸ்டிக்குக்குத் தனி ப்ரைமர் வேணும்.

பால்கனிக் கதவை மூடிட்டு ஒன் பிஎச்கே ஹால்ல உட்கார்ந்து அடிக்காதீங்க. கேனுக்குள்ள இருக்கிறது எரியக்கூடிய கேஸ், பக்கத்துல அடுப்போ சாமி விளக்கோ இருக்கக் கூடாது. துணி மாஸ்க்கும் என்95ம் தூசியைத் தடுக்கும், அந்த ஆவியைத் தடுக்காது. மொட்டை மாடிக்குப் போங்க, அசோசியேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு, கீழ பழைய பேப்பர் விரிச்சு. மிச்சக் கேனை மாடியிலயோ கார்லயோ விட்டுட்டு வராதீங்க, 50 டிகிரிக்கு மேல சூடாகக் கூடாதுன்னு கேன்லயே எழுதியிருக்கும். அக்னி நட்சத்திரத்துல மூடின காருக்குள்ள அதுக்கு மேலயே போகும்.

'ஞாயித்துக்கிழமை முழுக்க இதுக்குப் போகுதே, என் நேரத்துக்கு விலை இல்லையா?'ன்னு கேட்பீங்க. மாசம் 45,000 சம்பளத்தை 200 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 225 ரூபாய், ஆறு மணி நேரத்துக்கு 1,350. ஆனா அந்த ஞாயித்துக்கிழமை உங்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்கப் போறதில்லையே? ஃப்ரீலான்ஸ் வேலை கையில இருந்து அதைத் தள்ளி வச்சாத்தான் அது செலவு. ரீல்ஸ் பார்க்குற நேரத்தைச் செலவுக் கணக்குல எழுத முடியாது. அப்படியே 1,350ஐச் சேர்த்தாலும் 3,750தான் வருது.

'இதை டாக்ஸ்ல காட்ட முடியுமா'ங்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. வாடகை வீட்டுல இருக்கிற சம்பளக்காரருக்கு முடியாது. ஹெச்ஆர்ஏ வாடகைக்கு மட்டும்தான், பெயிண்டுக்கோ லைட்டுக்கோ இல்ல, அதுவும் பழைய ரிஜீம்ல மட்டும். சொந்த வீட்டை வாடகைக்கு விட்டவங்களுக்கு 30 சதவீதக் கழிவு தானா கிடைக்குது. நீங்க பெயிண்ட் அடிச்சாலும் அடிக்கலைனாலும் அதே 30தான், பில்லைச் சேர்த்து வைக்க வேண்டியதில்ல.

கடைசியா, மிச்சப் பெயிண்டை அடுத்த தடவைக்கு வைக்கணும்னா வேலை முடிஞ்சதும் கேனைத் தலைகீழாப் பிடிச்சு வெறும் கேஸ் வர்ற வரைக்கும் ரெண்டு மூணு செகண்ட் அழுத்துங்க. நாசில் அடைக்காது. அடுத்த வீடியோல வாடகை ஒப்பந்தத்துல ஃபிட்டிங் லிஸ்ட் எப்படி எழுதுறதுன்னு ஒரு மாதிரியோட காட்டுறேன், உங்க ஒப்பந்தத்தைக் கையில எடுத்து வச்சுட்டுப் பாருங்க.