காற்றை முகத்தில் வாங்குபவர்கள்



கச்சான் வீசும் நாட்களில் காரைதீவுச் சந்தியிலிருந்து சம்மாந்துறை நோக்கித் துவிச்சக்கர வண்டி மிதித்தவர்களுக்கு அக்காற்றின் வலிமையை நான் எடுத்துரைக்கத் தேவையில்லை. வயல்வெளிகளைக் கடந்து மேற்கிலிருந்து வரும் வெப்பக் காற்று நேரே முகத்தில் அறையும். ஜூலை மாதத்து மாலையொன்றில் அவ்வழியே சென்றபோது இரு சகோதரர்களைக் கண்டேன். மூத்தவன் குனிந்து முன்னே மிதிக்க, இளையவன் அவனது பின்சில்லை ஒட்டியபடி வந்துகொண்டிருந்தான். "காக்கா, மெல்லப் போங்க" என்று அவன் கூவியதும் மூத்தவன் வேகத்தைக் குறைத்தான். ஆனால் காற்றுக்கு முன்னிருந்து விலகவில்லை.

அதே ஜூலை மாதத்தில்தான் பிரான்ஸ் தேசத்து வீதிகளில் 'டூர் டி பிரான்ஸ்' என்னும் உலகப் புகழ்பெற்ற துவிச்சக்கர வண்டிப் போட்டி நடைபெறுகிறது. அதனை வெல்பவர் ஒருவரே. ஆயினும் போட்டியிடுவது 8 பேர் கொண்ட அணிகள். எஞ்சிய எழுவரில் பெரும்பாலோரின் தொழில், நாம் சம்மாந்துறை வீதியில் கண்ட அந்த மூத்தவனின் தொழிலே. முன்னால் செல்பவர் காற்றைக் கிழித்துக் கொடுத்தால், பின்னால் ஒட்டி வருபவருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். அந்த மிச்சத்தை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர்களுக்குத் தலைவருக்குச் சேமித்துக் கொடுப்பதற்கே இவர்கள் சம்பளம் பெறுகிறார்கள். பிரெஞ்சு மொழியில் இவர்களை 'டொமெஸ்டிக்', அதாவது வீட்டுப் பணியாள், என்பர். இத்தாலியர் 'கிரெகாரியோ' என்பர். மந்தையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. (குருமடத்தில் இலத்தீன் கற்ற காலத்தில் இச்சொல் மைதானத்தில் பயன்படும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.)

இவர்களது வாழ்க்கை எளிதானதன்று. போட்டிப் பருவம் ஜனவரியில் அவுஸ்திரேலியாவில் தொடங்கி ஒக்டோபரில் ஐரோப்பாவில் முடிவை நெருங்குகிறது. ஓர் ஆண்டில் 60 முதல் 80 நாட்கள்வரை போட்டியில் கழியும். ஏனைய நாட்களில் பெரும்பகுதி மலைமுகாம்களிலும் விமான நிலையங்களிலும் கழியும். டூர் டி பிரான்ஸில் மட்டும் 21 கட்டங்கள், சுமார் 3,400 கிலோமீற்றர், இடையே இரண்டே ஓய்வு நாட்கள். அநேகமாக ஒவ்வோர் இரவும் வேறொரு விடுதி. தலையணையையும் மெத்தையையும் உடன் எடுத்துச் செல்லும் அணிகளும் உண்டு. மலையேறும் நாளொன்றில் 5,000 கலோரிக்கு மேல் செலவாவதால், பசியில்லாதபோதும் உண்டேயாக வேண்டும். பணியாளரோ இவற்றோடு, பின்தங்கி அணியின் காரை அடைந்து, தண்ணீர்ப் போத்தல்களை மேலாடைக்குள் திணித்துக்கொண்டு, மீண்டும் விரைந்து முன்னே வந்து எல்லோருக்கும் பகிர வேண்டும். தலைவரின் சில்லு பழுதானால் தமது சில்லைக் கழற்றிக் கொடுக்கவும் வேண்டும். குறித்த நேரத்துக்குள் வந்து சேராவிட்டால் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்கள் என்ற விதி இவர்களுக்கும் உண்டு.

1934ஆம் ஆண்டுப் போட்டியில் ரெனே வியெத்தோ என்ற 20 வயது இளைஞர் இருந்தார். கான் நகர விடுதியொன்றில் சிற்றூழியராக வேலை செய்தவர். மலையேறுவதில் அவ்வாண்டு அவருக்கு இணை எவருமில்லை. பிரனீஸ் மலை இறக்கத்தில் அணித்தலைவர் அந்தோனன் மாஞ் விழுந்து சில்லு உடைந்தபோது, வியெத்தோ தமது சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மாற்றுச் சில்லுக்காகக் காத்திருந்தார். மறுநாள் மாஞ்சின் வண்டி மீண்டும் பழுதானது. முன்னே சென்றிருந்த வியெத்தோ செய்தியறிந்து, மலைப்பாதையில் எதிர்த்திசையில் திரும்பி ஏறி வந்து தமது வண்டியையே கொடுத்தார். மாஞ் வெற்றி பெற்றார். வியெத்தோவுக்கு ஐந்தாம் இடம். வீதியோரக் கற்சுவரில் கண்ணீரோடு அமர்ந்திருக்கும் அவரது புகைப்படம் பிரான்ஸ் எங்கும் பரவியது. அதன்பின் 1939இல் இரண்டாம் இடம்வரை வந்தும், 1947இல் நெடுநாள் முன்னணியில் இருந்தும், ஒருமுறையேனும் அவர் அப்போட்டியை வெல்லவில்லை.

அந்தச் சில்லைக் கொடுத்திராவிட்டால் அவரே வென்றிருப்பார் என்று பலர் சொல்வதுண்டு. நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். இறுதியில் இருவருக்குமிடையே ஏறத்தாழ ஒரு மணி நேர இடைவெளி இருந்தது. என் மனத்தைத் தைப்பது அந்தக் கண்ணீரே. மறையுரை மேடையில் நின்று தியாகத்தைப் புகழும் எம்மைப் போன்றவர்கள், கொடுத்தவர் புன்னகையோடுதான் கொடுத்திருக்க வேண்டும் என எதிர்பார்க்கிறோம். வியெத்தோ அழுதார். அதனால் அவரது கொடை குறைந்துவிடவில்லை. அது வலித்தது என்பதை மறைக்க வேண்டிய கடமையும் அவருக்கு இருக்கவில்லை.

இந்த விளையாட்டில் நான் மதிக்கும் வழக்கமொன்று உண்டு. டூர் டி பிரான்ஸின் முதற்பரிசு 5 இலட்சம் யூரோ. அதனை வென்றவர் பொதுவாகத் தாமே வைத்துக்கொள்வதில்லை; அணியினருக்கும், பின்னணியில் உழைத்த பணியாளருக்கும் பகிர்ந்துவிடுவார். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில் பந்தய ஓட்டத்தை உவமையாக்கியதை நாம் அடிக்கடி எடுத்தாள்கிறோம். அதே மடலில் அவர் ஓருடலின் பல உறுப்புகளைப் பற்றி எழுதியதை அந்த உவமையோடு சேர்த்து வாசிப்பவர்கள் குறைவு. நம் குடும்பங்களில் பரிசு எவ்வாறு பகிரப்படுகிறது?

கல்முனைப் பகுதியில் திருமணமொன்றை நிறைவேற்றி வைத்தேன். மணமகன் பட்டதாரி, அரச உத்தியோகத்தர். அவரது அக்கா பத்து ஆண்டுகள் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து தம்பியைப் படிக்க வைத்தவர், தாம் மணமுடிக்கவில்லை. விருந்தில் நன்றியுரை நிகழ்ந்தது. அதிபருக்கு நன்றி, விரிவுரையாளர்களுக்கு நன்றி, பங்குத்தந்தையாகிய எனக்கும் நன்றி. அக்காவின் பெயர் வரவில்லை. அவர் பின்புறத்தில் சாப்பாட்டுப் பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். தம்பியைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. குடும்பத்தை முழுமையாக அறிந்திருந்தும், என் மறையுரையிலும் அந்தப் பெயர் இடம்பெறவில்லை.

அடுத்த வாரம் அவரைக் கண்டு இரண்டு வார்த்தை பேசலாம் என்று வீட்டுக்குச் சென்றேன். தாயார் மட்டுமே இருந்தார். திருமணச் செலவுக்கு வாங்கிய கடன் இன்னும் மீதம் இருக்கிறதாம். மகள் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு வெளிநாட்டு முகவரைச் சந்திக்கச் சென்றிருந்தார்.