வேங்கையைப் பார்க்காத வள்ளி

திருச்சி சாலையில் சிங்காநல்லூரைக் கடக்கும்போதெல்லாம் சென்ட்ரல் ஸ்டுடியோ நினைவுக்கு வருகிறது. 1947இல் ‘ராஜகுமாரி’ படம் உருவான இடம். சினிமாவுக்கு உருமாற்றம் பெரிய காரியமில்லை. கேமராவை நிறுத்தி, ஆளை மாற்றி, மறுபடி ஓட்டினால் முடிந்தது. கோவை பட்சிராஜா நிறுவனம் 1944இல் எடுத்த ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தில் ஒரே பாட்டுக்கு ஐந்து பி.யு. சின்னப்பாக்கள் உட்கார்ந்து கச்சேரி செய்தார்கள். அந்த மயக்கம் இன்றைக்கும் நம் நாடக மேடையை விட்டு இறங்கவில்லை. தெய்வம் உருமாறும் கட்டம் வந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் புகை போடுகிறோம். விளக்கு வரும்போது வேறு ஆள் நிற்கிறார். பார்க்க வந்தவர்களுக்கு எந்தக் கட்டத்தைக் காட்டியிருக்க வேண்டுமோ அதையே இருட்டில் ஒளித்துவிடுகிறோம்.

நானும் இதைச் செய்தவன்தான். வள்ளி திருமணத்தை எங்கள் குழு புதிதாக எடுத்துக் கட்டியபோது, முருகன் வேங்கை மரமாகும் கட்டத்துக்குப் பிளைவுட்டில் ஓர் அடிமரம் செய்து, சக்கரம் பூட்டி, இருட்டில் தள்ளிக்கொண்டு வந்தோம். விளக்கு வந்தது, மரம் நின்றது, சபையில் சலனமே இல்லை. மரத்துக்குள் முருகன் இருக்கிறான் என்று யாரும் நம்பவில்லை. பலகை நிற்பதைத்தான் பார்த்தார்கள்.

அடுத்த ஒத்திகைக்கு, சிங்காநல்லூரில் கும்மி பழக்கும் ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். கொங்கு வள்ளி கும்மியில் கதை முழுக்க உருமாற்றம்தான்: வேடன், வேங்கை, கிழவன், ஆனையாக வரும் அண்ணன் விநாயகன். ஆனால் ஒருவரும் வேஷம் மாற்றுவதில்லை. வாத்தியார் அடி எடுத்துக் கொடுக்கிறார், வட்டம் அதை வாங்கிப் பாடிச் சுற்றுகிறது. கிழவன் வந்தால் நடை தளர்கிறது, ஆனை வந்தால் அடி கனக்கிறது. மாறுவது பாட்டும் காலும் மட்டுமே.

பெரியவர் பிளைவுட் மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இத எடுத்துப்போடுங்க. பையன் சும்மா நிக்கட்டுமுங்க. நம்பிராசன் வந்து அவன் தோள்ல துண்டப் போடோணும்” என்றார். அப்படியே செய்தோம். வேட்டையிலிருந்து திரும்பிய வள்ளியின் தகப்பன் நம்பிராஜன் வியர்வையைத் துடைத்து, துண்டை முருகனின் தோளில் உதறிப் போட்டான். வில்லை அவன் இடுப்பில் சாய்த்து வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தான். அந்த நொடியில் பையன் மரமாகிப் போனான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மரமாக நடிப்பது மரத்தின் வேலை இல்லை, எதிரே இருப்பவன் வேலை. இருபத்தைந்து வருஷமாக மேடையில் இருக்கும் எனக்கு அது அன்றைக்குத்தான் விளங்கியது.

அங்கிருந்துதான் என் பெரிய சந்தேகம் தொடங்கியது. நம் கண் ஏன் எப்போதும் முருகன் மேலேயே இருக்கிறது? கச்சியப்பரின் கந்தபுராணத்தில் இந்தக் கட்டத்தைப் படித்துப் பாருங்கள். நேற்று இல்லாத மரம் இன்று எப்படி முளைத்தது என்று வேடர்கள் வெட்ட நினைக்கிறார்கள். நம்பி மகளிடம் கேட்கிறான். எப்படி வந்ததென்று எனக்குத் தெரியாது, மாயம்போல இருக்கிறது என்கிறாள் வள்ளி. உனக்குத் துணையாக இருக்கட்டும் என்று மரத்தை விட்டுவிட்டுப் போகிறான் தகப்பன். முருகன் மூன்று உருவம் எடுத்தாலும் கடைசியில் பழைய முருகனாகவே நிற்கிறான். அப்பனிடம் மறைத்துப் பேசிய வள்ளியோ பழையபடி தினைப்புனத்துப் பெண்ணாகத் திரும்ப முடியாது. கதையில் நிஜமாகவே உரு மாறியவள் அவள்.

சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளிக்கு வாய் உண்டு. விடிய விடிய நடக்கும் தர்க்கத்தில் அவள் வேடனுக்குச் சளைப்பதில்லை. ஆனாலும் நான் பார்த்த பல மேடைகளில் வேங்கைக் கட்டம் ஓர் இடைப்பாட்டோடு ஓடிவிடுகிறது. புதிதாகத் தழுவி எழுதுகிறவர்கள் அங்கே நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புதுமைப்பித்தன் அகலிகையைப் பற்றிய ‘சாபவிமோசனம்’ கதையில் அப்படி நின்றார். கல் பெண்ணான அதிசயத்தோடு முடித்துக்கொள்ளாமல், பெண்ணானவள் பிறகு எப்படி வாழ்ந்தாள் என்று கேட்டார். அகலிகையை மேடையேற்றும் குழுக்கள் பாறை வெடிக்கும் சத்தத்துக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியை அவளுடைய அடுத்த நாளுக்குச் செலவழித்தால் போதும்.

வேஷம் விளையாட்டல்ல என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். சனீஸ்வரன் வேடம் கலைக்காமல் விடிகாலையில் நீர்நிலைக்குப் போன சங்கரதாஸ் சுவாமிகளைக் கண்டு ஒரு பெண் அதிர்ச்சியில் உயிர்விட்டாள், அதற்குப் பின் அவர் வேடம் கட்டுவதையே விட்டார் என்று நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். பார்ப்பவர் நம்பிவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கும்மி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆண்களே ஆடிவந்த இந்தக் கலையைப் பெண்களுக்கும் பழக்கியவர் எங்கள் கோவை மாவட்டத்து பத்திரப்பன். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது இங்கே எல்லாருக்கும் பெருமை. இப்போது ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில் வட்டம் கட்டுகிறார்கள். அப்படிப்பட்ட அரங்கேற்ற மேடையிலேயே சாதிக்குள்தான் கல்யாணம் செய்வேன் என்று பெண்களிடம் உறுதிமொழி வாங்கியதையும் பார்த்துவிட்டோம். வேடர் வீட்டுப் பெண், தானே மனசு வைத்து, தகப்பனுக்குத் தெரியாமல் ஒருவனோடு போன கதையைப் பாடிக்கொண்டே அதைச் செய்வது வள்ளிக்கு இழைக்கும் துரோகம். நம் கலைஞர்கள் அதற்குத் துணைபோகக் கூடாது.

எங்கள் நாடகத்தில் இப்போது பிளைவுட் இல்லை, புகை இல்லை. நம்பிராஜன் துண்டு போட்டுவிட்டு மகளிடம் கேட்கிறான். வள்ளியாக நடிக்கும் பெண்ணிடம் நான் சொன்னது ஒன்றுதான்: மரத்தைப் பார்க்காதே. அவள் பார்ப்பதில்லை. கையிலிருக்கும் கவணின் கயிற்றை விரலில் சுற்றுகிறாள், பிரிக்கிறாள், “தெரியாதுங்கப்பா” என்கிறாள். தகப்பன் எழுந்து துண்டை எடுத்துக்கொண்டு போகிறான். அவன் போன பிறகும் அவள் திரும்பிப் பார்க்க வெகுநேரம் ஆகிறது. அந்த நேரம் முழுக்க சபையில் ஒருவர்கூட இருமுவதில்லை.