பிடிலுக்குத் திறந்த கதவு

தஞ்சை நால்வருள் இளையவர் வடிவேலு. ஆடலாசிரியர் சுப்பராயனாரின் மகனாக 1810-இல் பிறந்தார். சின்னையா, பொன்னையா, சிவானந்தம் என்போர் தமையன்மார். நால்வரும் முத்துச்சாமித் தீட்சிதரிடம் இசை பயின்று தஞ்சை மராட்டிய அரசவையில் விளங்கியவர்கள். இன்று மேடையேறும் பரதம் அவர்கள் வகுத்த நிரலிலேயே நடைபெறுகின்றது.

வடிவேலு கையிலெடுத்த கருவி பிடில். கடல் கடந்து வெள்ளையரோடு வந்தது அது. அதனை நம் இசைக்கு முதலில் வளைத்தவர் பாலுச்சாமித் தீட்சிதர் என்பர். அப்பெருமையை அவரிடமிருந்து பறிக்க வேண்டுவதில்லை. ஆயினும் வேந்தரும் விரும்பிக் கேட்கும் அவைக் கருவியாக அதனை உயர்த்தியதில் வடிவேலுவின் பங்கு பெரிது. பின்னாளில் அவர் திருவிதாங்கூர் சென்றார். தாமே பாடல் யாக்க வல்லவரான அந்நாட்டு வேந்தர் சுவாதித் திருநாள், 1834-இல் யானை மருப்பாலான பிடிலொன்றை அவருக்குப் பரிசிலாக ஈந்தார்.

மேலைநாட்டில் அக்கருவியை நின்றுகொண்டு தாடையில் இடுக்கி இசைப்பர். ஒவ்வொரு நரம்பும் தன் கீழ்நரம்புக்கு இளியாக நிற்கும். இங்கோ இசைவாணர் தரையில் அமர்ந்தார். பிடிலின் தலையை வலக்காலடியில் ஊன்றினார். நரம்புகளைக் குரல், இளி, குரல், இளி என இரட்டையாகக் கூட்டிப் பண்ணின் அசைவுக்கேற்ப விரலை இழைத்தார். அயற்கருவி நம் இசையரங்கின் பக்கத்துணையாயிற்று. 'இது வெளிநாட்டுப் பொருள். இதனால் இசை கெடும்' என்று எவரும் அதனைத் துரத்தவில்லை. நன்று!

ஆனால் தமிழுக்கு நேர்ந்தது என்ன? அந்நால்வர் யாத்தவற்றுள்ளும் மிகப்பல தெலுங்கே. புரந்த அவைக்கு இனித்த மொழி அது. வயிறு வளர்க்க வேண்டிய புலவரைக் குறை கூறல் முறையன்று. அவ்வரசு போய் நெடுங்காலமான பின்னும் அதே வழக்கைக் கட்டிக் காத்தாரே, அவரைத்தான் கேட்க வேண்டும். 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழ்ப்பாடல்களுக்கு முதன்மை வேண்டும் என முடிவெடுத்தபோது, சென்னை இசைக்கழகத்தார் மொழியெண்ணத்தால் இசையின் தரம் தாழ்ந்துவிடக் கூடாதென்று மறுமுடிவு இயற்றினர். இத்தாலியத் தச்சர் இழைத்துத் தந்த மரப்பெட்டியால் தாழாத தரம், தமிழ்நாட்டு அரங்கில் தமிழால் தாழுமாம்! நரம்பை மாற்றிக் கூட்டத் தெரிந்தவர்க்குத் தாய்மொழியைப் பண்ணோடு கூட்டத் தெரியாதோ?

இறுதியில் கால் மணி நேரம் தமிழுக்கு ஒதுக்கினர். அதற்கு இட்ட பெயர் 'துக்கடா'. அச்சொல்லும் தமிழன்று.