"தண்ணி வேணுமா?" – வீடியோ வழி ஆட்டிசம் பரிசோதனை பற்றி

எங்க பையனுக்கு ரெண்டரை வயசுல தாகம் எடுத்தா, எங்க கிட்ட வந்து "தண்ணி வேணுமா?"ன்னு கேப்பான். மழலைன்னு ரசிச்சோம். ஊர்ல இருக்கிற தாத்தா பாட்டிக்கு போன்ல வேற சொல்லிச் சிரிச்சோம்.

நாங்க இருக்கிறது புனேயில. 2021-ல இங்க ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். அரை மணி நேரம் இந்தியிலயும் இங்கிலீஷ்லயும் பேசிப் பார்த்துட்டு, "வீட்ல மூணு மொழி, அதான் குழப்பம். தமிழை நிறுத்துங்க"ன்னுட்டார். நாலு மாசம் அரைகுறை இங்கிலீஷ்ல பிள்ளையைக் கொஞ்சினோம். என் மனைவி தாலாட்டு பாடக்கூட தயங்கினா. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறலை. ரெண்டு மொழி கேட்டு வளர்றதால ஆட்டிசம் வர்றதும் இல்ல, அதனால அது மோசமாகறதும் இல்ல.

அப்புறம்தான் சென்னையில இருக்கிற ஒரு உளவியல் நிபுணர் தமிழ்லயே வீடியோவுல பார்த்தாங்க. அவன் சாப்பிடறது, தனியா விளையாடறதுன்னு சின்னச் சின்ன வீடியோவா முன்னாடியே அனுப்பச் சொன்னாங்க. அன்னிக்கு என் கையாலதான் பரிசோதனை. பின்னாடி நின்னு பேர் சொல்லிக் கூப்பிடணும், சோப்புக் குமிழி ஊதிட்டு நடுவுல நிறுத்தணும், பிஸ்கட்டை இறுக்கி மூடின டப்பாவுல போட்டுக் குடுக்கணும். "அவன் செய்யலைன்னா விட்டுடுங்க சார், அதுவும் எனக்கு ஒரு பதில்தான்"னாங்க. அப்பனா இருந்துக்கிட்டு சும்மா நிக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மாமியார் வேற கதவு ஓரமா நின்னு "ஆன்ட்டிக்கு டாட்டா சொல்லு கண்ணா"ன்னு எடுத்துக் குடுத்துக்கிட்டே இருந்தாங்க.

நடுவுல அவன் "தண்ணி வேணுமா?"ன்னான். அவங்க உடனே கேட்டாங்க: "இது யாரோட வாக்கியம் சார்?" எங்களோடது. நாங்க அவன்கிட்ட கேக்கிறதை அப்படியே திருப்பிச் சொல்லித்தான் அவனுக்கு வேணுங்கிறதைக் கேக்கிறான். தமிழ் தெரியாதவங்க காதுல அது வெறும் பேச்சு. தெரிஞ்சவங்களுக்கு அது ஒரு முக்கியமான தடயம்.

அதனாலதான் சொல்றேன். வெளியூர்ல இருக்கிற நமக்கு வீடியோ பரிசோதனை ரெண்டாந்தரம் இல்ல. தாய்மொழி தெரிஞ்ச கண்ணும் காதும் நம்ம வீட்டுக்குள்ளயே வருது. அமெரிக்காவுல வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துல, சின்னப் பிள்ளைகளை இப்படி பெத்தவங்க மூலமாவே பார்க்க ஒரு முறையே உருவாக்கியிருக்காங்க.

ஆனா எல்லை இருக்கு. அதையும் அந்த நிபுணரே சொன்னாங்க. கண்ணைப் பார்த்துப் பேசறானா, கேமராவைப் பார்க்கறானான்னு திரையில பிரிச்சுச் சொல்ல முடியாது. பாதி நேரம் பிள்ளையோட கவனம் லேப்டாப் மேலயே இருக்கும். நெட் ஒரு நொடி உறைஞ்சா, அந்த நொடியில அவன் திரும்பிப் பார்த்தது போச்சு. காது பரிசோதனை நேர்லதான் செய்யணும். "இது என் கணிப்பு. ஒரு தடவை நேர்ல பார்த்துட்டுதான் முடிவா எழுதுவேன்"னாங்க. லீவு போட்டுட்டுப் போனோம். காது நல்லா கேக்குது, ஆட்டிசம்தான்னு உறுதியாச்சு.

இருபது கேள்விக்கு டிக் அடிக்க வச்சுட்டு ரிப்போர்ட் குடுக்கிறவங்ககிட்ட மட்டும் ஏமாறாதீங்க. எம்-சாட்-ஆர்னு ஒரு இருபது கேள்விப் பட்டியல் உண்டு. அது 16 முதல் 30 மாசக் குழந்தைகளுக்கான முதல்கட்ட வடிகட்டல், நோய் நிர்ணயம் இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசமும் சேர்ந்திருக்கு. ஆனா அதுக்கான அரசு சான்றிதழுக்கு வீடியோ ரிப்போர்ட் மட்டும் போதாது, மருத்துவக் குழு முன்னாடி நேர்ல போகணும்.

ஊருக்குப் போறப்ப பார்த்துக்கலாம்னு தள்ளிப் போடறவங்களுக்குத்தான் இதை எழுதறேன். முதல் பார்வை வீடியோவுல, தமிழ்ல இருக்கட்டும். முடிவு நேர்ல இருக்கட்டும். பையன் இப்ப ஸ்கூல் போறான். வீட்ல தமிழ்தான் பேசறோம். "எனக்கு தண்ணி"ன்னு கேக்கிறான். அவசரத்துல மட்டும் இன்னும் பழைய "வேணுமா?"தான். அதுக்கு என்ன அர்த்தம்னு இப்ப எங்களுக்குத் தெரியும்.